பாடத்தைத் தேடும் முன் பதிவேட்டைத் திறங்கள்: தர்மபுரி, கிருஷ்ணகிரி சுகாதாரப் பணியாளர்களுக்கான இலவச ஆன்லைன் பயிற்சி

கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. அதன்பின் துணை சுகாதார நிலையத்தின் அன்றாடமே மாறிப்போனது. கர்ப்பிணிப் பதிவு, தடுப்பூசி, குடும்ப நலம் என்று இருந்த வேலையோடு, பிரஷர் சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோவது, படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்ப்பது எல்லாம் சேர்ந்துகொண்டன. பல வருடங்களுக்கு முன் ஏ.என்.எம். என்னும் துணை செவிலியர் படிப்பை முடித்துவிட்டு வேலைக்கு வந்த கிராம சுகாதார செவிலியரிடம் இன்று ஊர்க்காரர்கள், “இன்சுலினை ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் எப்படிம்மா வைக்கிறது?” என்று கேட்கிறார்கள். அவர் படித்த காலத்துப் புத்தகத்தில் அதற்குப் பதில் இருந்திருக்காது.

இந்த இடைவெளியை நிரப்ப இலவச ஆன்லைன் பாடங்களுக்குப் பஞ்சமில்லை. எதை எடுப்பது, எப்படி முடிப்பது, முடித்ததை எப்படி வேலைக்குக் கொண்டுவருவது என்பதில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு லிங்க் வரும், “எல்லோரும் முடித்து சான்றிதழ் அனுப்பவும்” என்று ஒரு வரி இருக்கும். வீடியோவை ஓடவிட்டு, விடைகளைப் பக்கத்து நிலையத்தில் கேட்டுப் போட்டு, சான்றிதழை அனுப்பிவிட்டால் கதை முடிந்தது. அதில் யாருக்கும் எதுவும் தங்குவதில்லை. இதற்குப் பணியாளர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் முறையே தலைகீழாக இருக்கிறது.

முதலில் உங்கள் பதிவேட்டைத் திறங்கள். புறநோயாளி பதிவேடு, தொற்றா நோய் பதிவேடு, காசநோய் சிகிச்சை அட்டைகள், நோய்க் கண்காணிப்புக்கான ஐ.எச்.ஐ.பி. தளத்தில் ஏற்றும், அறிகுறிகளைப் பதியும் எஸ் படிவம் ஆகியவற்றில் கடைசி மூன்று மாதப் பக்கங்கள் போதும். ஆரம்ப சுகாதார நிலைய (பி.எச்.சி.) டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்க வேண்டியிருந்த விஷயங்களை ஒரு தாளில் எழுதுங்கள். பதில் தெரியாமல் “பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க” என்று மட்டும் சொல்லி அனுப்பியவர்களையும் எழுதுங்கள். மாத்திரையைப் பாதியில் விட்டவர்கள், மறுபரிசோதனைக்கு வராதவர்கள் பெயருக்கு நேராக ஒரு புள்ளி வையுங்கள். அரை மணி நேரத்தில் பத்துப் பதினைந்து கேள்விகள் சேரும். அவற்றில் திரும்பத் திரும்ப வருவது எதுவோ, அதுதான் உங்கள் முதல் பாடம்.

இந்த இரண்டு மாவட்டங்களிலும் அந்தத் தாளில் என்ன இருக்கும் என்று ஓரளவு ஊகிக்கலாம். குடிநீரில் ஃபுளோரைடு கூடியதால் வரும் பல்லின் பழுப்புக் கறையும், குனிய முடியாத முதுகும். வயலிலும் மாந்தோப்பிலும் பாம்புக்கடி. பதினெட்டு வயதுக்குள் கர்ப்பமாகி ரத்தசோகையோடு வரும் பெண். பெங்களூருக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் போய்ச் சிகிச்சை பாதியில் நின்ற காசநோயாளி. பிரஷர் மாத்திரையை “இப்போ நல்லாத்தானே இருக்கேன்” என்று நிறுத்தியவர். தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் என்றால் இவற்றோடு கன்னடத்திலும் தெலுங்கிலும் விளக்க வேண்டிய வேலையும் உண்டு.

எந்தத் தளத்தில் என்ன கிடைக்கும்

அரசு ஊழியர்களுக்கான கர்மயோகி தளம் எல்லோரும் கேள்விப்பட்டது. மத்திய அமைச்சரவை 2020 செப்டம்பரில் ஒப்புதல் அளித்த மிஷன் கர்மயோகியின் பகுதி அது. பாடங்கள் குட்டிக் குட்டியாக இருக்கும், செல்போனிலேயே முடித்துவிடலாம். அலுவலக நடைமுறை, கணினிப் பயன்பாடு, மக்களிடம் பேசும் முறை போன்றவற்றுக்கு நன்றாக உதவும். நோய் சார்ந்த ஆழமான அறிவுக்கு இது மட்டும் போதாது.

தேசிய சுகாதார மற்றும் குடும்ப நல நிறுவனம் 2023-ல் கொண்டுவந்த ‘சக்ஷம்’ தளம் சுகாதாரத் துறைக்கென்றே அமைந்தது. இந்தியத் திட்ட விதிமுறைப்படி படிக்க விரும்புபவர்கள் முதலில் இங்கே தேடுவது நல்லது. எல்லாப் பாடமும் இலவசம் என்று நினைத்துவிடாமல், சேரும் முன் கட்டண விவரத்தைப் பாருங்கள்.

நோய்ப் பரவல் கணக்குகளை முறையாகக் கற்க விரும்பும் சுகாதார ஆய்வாளர்களுக்கும் டாக்டர்களுக்கும் சென்னையில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்தின் பாடங்களைச் சொல்வேன். அவை மத்திய அரசின் ஸ்வயம் இணையக் கல்வித் தளத்தில், ஐ.ஐ.டி.களும் ஐ.ஐ.எஸ்சி.யும் நடத்தும் என்.பி.டி.இ.எல். வழியாக நடக்கின்றன. மருத்துவ ஆராய்ச்சி அடிப்படைகள் பற்றிய 8 வாரப் பாடம் நல்ல தொடக்கம். படிக்கப் பணம் வேண்டாம். சான்றிதழ் வேண்டுமென்றால் தேர்வு எழுத வேண்டும், அதற்கு 1,000 ரூபாய். தேர்வு மையத்துக்கு நேரில் போக வேண்டும். ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூரு, தர்மபுரிக்காரர்களுக்குச் சேலம் என்று பஸ் வசதியைப் பார்த்து நகரத்தைத் தேர்ந்தெடுங்கள். பாடத்தில் சேர ஒரு கடைசித் தேதி, தேர்வுக்குப் பணம் கட்ட இன்னொரு கடைசித் தேதி என்று இரண்டு உண்டு. பலர் தவறவிடுவது இரண்டாவதை. பருவங்கள் ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்கும்.

என்.பி.டி.இ.எல்.லின் பொது விதிப்படி, வாராந்தரப் பயிற்சிகளுக்கு 25 மதிப்பெண், இறுதித் தேர்வுக்கு 75. பயிற்சியில் 10, தேர்வில் 30 எடுத்தால்தான் தேர்ச்சி. சில பாடங்களுக்கு விதி வேறுபடும் என்பதால் பாடத்தின் முகப்புப் பக்கத்தை ஒருமுறை படித்துவிடுங்கள். வாராந்தரப் பயிற்சியை அனுப்பக் கடைசி நேரம் பெரும்பாலும் புதன்கிழமை இரவு. புதன் நமக்குத் தடுப்பூசி நாள். முகாம் முடித்து, மீதமான தடுப்பூசிகளைத் திருப்பி அனுப்பி, பதிவேற்றம் முடித்து உட்காரும்போது கண் சொருகும். எனவே முந்தைய ஞாயிற்றுக்கிழமையையே கடைசி நாளாக வைத்துக்கொள்ளுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2017-ல் தொடங்கிய ஓப்பன்ஹூ தளத்தில் படித்தவர்கள் இங்கே நிறையப் பேர், குறிப்பாகக் கொரோனா காலத்தில். 2024 டிசம்பரில் பிரான்சின் லியோன் நகரில் உலக சுகாதார நிறுவன அகாடமி திறக்கப்பட்டது, இனி அதன் தளத்தில்தான் தேட வேண்டும். பாடங்கள் ஒன்றிரண்டு மணி நேரம் முதல் சில மணி நேரம் வரை இருக்கும். சான்றிதழுக்குப் பல பாடங்களில் 80 சதவீதம் எடுக்க வேண்டும்.

அமெரிக்கக் கண்டத்துக்கான சுகாதார அமைப்பான பாஹோவின் இணையக் கல்விக்கூடத்தில் ரத்த அழுத்தத்தைத் தானியங்கி மெஷினில் சரியாக அளப்பது பற்றி ஒரு இலவசப் பாடம் இருக்கிறது. சிறியதுதான். பிரஷர் பார்க்கும் ஒவ்வொருவரும் முடிக்க வேண்டிய ஒன்று என்பது என் உறுதியான கருத்து, காரணத்தைக் கீழே சொல்கிறேன். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் நோய்ப் பரவலியல் சுயகற்றல் புத்தகம் 6 பாடங்களோடு இலவச பி.டி.எஃப். ஆகக் கிடைக்கிறது. டவர் கிடைக்காத ஊரில் இருப்பவர்களுக்கு வீடியோப் பாடங்களைவிட அது மேல். பல்கலைக்கழகப் பாடங்களை வைத்திருக்கும் கோர்செரா போன்ற தளங்களில் சான்றிதழுக்குக் கட்டணம் உண்டு. நிதியுதவிக்கு விண்ணப்பிக்கலாம், பதில் வரச் சுமார் 15 நாள் ஆகலாம்.

வெளிநாட்டுப் பாடம் எங்கே இடறும்

இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். இங்கே நடக்கும் தவறு நோயாளியின் உடம்பில் போய் விடியும்.

ஃபுளோரைடை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கப் பல் சுகாதாரப் பாடம் எதைத் திறந்தாலும், குடிநீரில் ஃபுளோரைடு சேர்ப்பது பொது சுகாதாரத்தின் வெற்றி என்று சொல்லும். அங்கே லிட்டருக்கு 0.7 மில்லிகிராம் இருக்கும்படி சேர்க்கிறார்கள். அவர்கள் தண்ணீருக்கு அது சரி. தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் பாறையிலிருந்தே ஃபுளோரைடு கூடுதலாகக் கரைந்து வருகிறது. இந்தியத் தரநிலைப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு வழியே இல்லாதபோது 1.5 வரை. இதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013 முதல் காவிரித் தண்ணீர் ஊர்களுக்கு ஓடுகிறது. குழாயில் தண்ணீர் குறையும் நாளில் மக்கள் மறுபடி போர் தண்ணீரில் சமைக்கிறார்கள், பிரச்சினை அங்கேதான் தொடர்கிறது. ஃபுளோரைடு நல்லது என்று படித்துவிட்டு வரும் ஒரு புதிய பணியாளர் பள்ளி முகாமில் அதையே சொன்னால் என்னவாகும்? நம் ஊருக்கு வேண்டிய செய்தி வேறு. பல் உருவாகும் சிறு வயதில் குழந்தைக்குக் குடிக்கவும் சமைக்கவும் காவிரித் தண்ணீர்தான். கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்தி கூடும். குளிக்க, துணி துவைக்க போர் தண்ணீர் பரவாயில்லை.

அடுத்தது பாம்புக்கடி. ஆஸ்திரேலியப் பாடங்களில் காலைச் சுற்றி அழுத்தக் கட்டுப் போடுவதை முதலுதவியாகக் காட்டுவார்கள். அங்குள்ள பாம்புகளுக்கு அது பொருந்தும். நம் வயல்களில் கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் இருக்கின்றன. அவை கடித்த இடத்தில் சதை கெடும், இறுக்கிக் கட்டினால் இன்னும் கெடும். இங்கே செய்ய வேண்டியது, கடிபட்டவரைத் தைரியப்படுத்துவது, எலும்பு முறிந்த காலைப் போல அசையாமல் வைப்பது, விஷமுறிவு மருந்து இருக்கும் ஆஸ்பத்திரிக்கு உடனே அனுப்புவது. கட்டுவிரியன் கடியைத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். வலியோ வீக்கமோ பெரும்பாலும் இருக்காது. தரையில் படுத்துத் தூங்கியவர் விடியற்காலையில் வயிற்று வலி என்று வருவார், பிறகு கண் இமை தொங்கும், மூச்சு திணறும். வயிற்று வலிக்கு ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டால் உயிர் போய்விடும்.

பி.எச்.சி. செவிலியர்களும் லேப் டெக்னீஷியன்களும் 20 நிமிட ரத்த உறைதல் சோதனையை ஒருமுறை பாடத்தில் பார்த்துச் செய்து பழக வேண்டும். 2 மில்லிலிட்டர் ரத்தம், புதிய, சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாய், ஆட்டாமல் 20 நிமிடம், பிறகு ஒருமுறை சாய்த்துப் பார்ப்பது; உறையாமல் ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். அவ்வளவுதான். ஆனால் பிளாஸ்டிக் குழாயில் எடுத்தாலோ, சோப்புத்தூள் போட்டுக் கழுவிய குழாயில் எடுத்தாலோ நல்ல ரத்தமே உறையாமல் நிற்கும். விஷம் ஏறாதவருக்கு விஷமுறிவு மருந்து ஏறிவிடும், அதன் ஒவ்வாமையும் சேர்ந்து வரும். இடையில் குழாயைக் கையில் எடுத்து எடுத்துப் பார்ப்பதும் சோதனையைக் கெடுக்கும். தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கிவிட்டது. எனவே சிகிச்சையோடு, தகவல் அனுப்பும் முறையையும் சேர்த்துப் படியுங்கள்.

காசநோயிலும் வேறுபாடு உண்டு. சாதாரணக் காசநோய்க்கு உலகப் பாடங்கள் சொல்லும் 6 மாதச் சிகிச்சையின் கடைசி 4 மாதத்தில் ஐசோனியசிட், ரிஃபாம்பிசின் என்று இரண்டு மருந்துகள் இருக்கும். இந்தியத் திட்டத்தில் எத்தம்புட்டாலையும் சேர்த்து மூன்று. நம் கூட்டு மாத்திரை எண்ணிக்கை எடையைப் பொறுத்தது: 25 முதல் 34 கிலோ வரை 2, 35 முதல் 49 வரை 3, 50 முதல் 64 வரை 4. எடை கூடினால் மாத்திரையும் மாறும், அதனால் மாதம் ஒருமுறை எடை பார்ப்பதை விடக்கூடாது. தமிழ்நாட்டில் 2022 முதல் நடக்கும் காசநோய் இறப்பில்லாத் திட்டம் எந்த வெளிநாட்டுப் பாடத்திலும் வராது. நோய் கண்டுபிடித்த அன்றே உயரம், எடை, மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, தாங்கிப் பிடிக்காமல் நிற்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். மூச்சு நிமிடத்துக்கு 24-க்கு மேல், ஆக்சிஜன் 94-க்குக் கீழ், உடல் எடைக் குறியீடு 14 அல்லது அதற்குக் கீழ், நிற்க முடியவில்லை. இவற்றில் ஒன்று இருந்தாலும் அவரை ஆஸ்பத்திரியில் சேர்க்கும் ஏற்பாட்டைப் பார்க்க வேண்டும். உலகப் பாடத்தை முடித்தவர்கள் அதன் கடைசிப் பக்கத்தில் இந்த அளவுகளைக் கையால் எழுதி வைத்துக்கொள்வது உத்தமம்.

தடுப்பூசி அட்டவணைக்கு வெளிநாட்டுப் பாடமே வேண்டாம். அமெரிக்காவில் தட்டம்மைத் தடுப்பூசி 12 மாதத்துக்கு மேல், நமக்கு முதல் தவணை 9 மாதம் முடிந்ததும். குளிர்பதனச் சங்கிலி, தடுப்பூசி எப்படிக் கெடுகிறது என்ற அறிவியல் பகுதிகளை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். திறந்த குப்பி விதியை நம் வழிகாட்டியிலிருந்தே படியுங்கள். பென்டாவேலண்ட் போன்ற நீர்ம மருந்தை நிபந்தனைகள் சரியாக இருந்தால் 28 நாள் வரை வைக்கலாம். கரைத்த பி.சி.ஜி.யும் எம்.ஆர். (தட்டம்மை-ரூபெல்லா) தடுப்பூசியும் 4 மணி நேரத்தில் அல்லது முகாம் முடியும்போது, எது முந்துகிறதோ அப்போது கழித்துவிட வேண்டும்.

பெயர், ஓ.டி.பி., டவர்

பதிவு செய்யும்போது நடக்கும் சின்னத் தவறுகள் பிறகு பெரிய தலைவலியாகின்றன. பெயரைப் பணிப் பதிவேட்டிலும், நர்சிங் கவுன்சில் போன்ற உங்கள் பதிவுக் கவுன்சிலின் சான்றிதழிலும் இருப்பதுபோல எழுத்துக்கு எழுத்து கொடுங்கள். இரண்டு கட்டம் கேட்டால் முதலில் பெயர், இரண்டாவதில் இனிஷியல். ஒரு தளத்தில் இனிஷியலை முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் வைத்தால், இரண்டும் ஒருவர்தானா என்று அலுவலகத்தில் கேட்பார்கள். சான்றிதழ் உருவான பிறகு பல தளங்களில் பெயரை மாற்ற முடியாது. மின்னஞ்சல் உங்களுடையதாக இருக்கட்டும். பி.எச்.சி. கம்ப்யூட்டரில் யாரோ தொடங்கிய பொது முகவரியைக் கொடுத்தால், அடுத்தவர் கடவுச்சொல்லை மாற்றியதும் எல்லாம் போய்விடும். கர்மயோகியில் துறையின் பெயரைத் தேர்ந்தெடுக்கும்போது ஒத்த பெயர்கள் பல வரும். தவறானதைத் தட்டினால் நீங்கள் படித்தது உங்கள் அலுவலகக் கணக்கில் வராமல் போகலாம். ஒப்பந்தப் பணியில் இருப்பவர்கள் பதிவுக்கு முன் வட்டார அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், ஒப்புதல் தேவைப்படலாம்.

சித்தேரி, வத்தல்மலை, கோட்டூர்மலை, அஞ்செட்டிக் காட்டுப்பகுதி போன்ற இடங்களில் டவரை நம்பி வீடியோ பார்க்க முடியாது. கீழே இறங்கும் நாளில் தரவிறக்கிக்கொண்டு மேலே போங்கள். வீடியோவின் தரத்தை 360-க்குக் குறைத்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 250 முதல் 300 எம்.பி. ஆகும். போன் தானாக உயர்தரத்துக்குப் போனால் ஒரு நாள் பேக் முழுதும் ஒரு பாடத்திலேயே தீரும். என்.பி.டி.இ.எல். பாடங்களின் எழுத்து வடிவம் பி.டி.எஃப். ஆகக் கிடைக்கும், அது சில எம்.பி.தான். வினாடி வினாவை மட்டும் டவர் உறுதியாக இருக்கும் இடத்தில் எழுதுங்கள். பாதியில் துண்டித்தால் சில தளங்கள் அதையும் ஒரு முயற்சியாகக் கணக்கிடும், சில பாடங்களில் முயற்சிக்கு வரம்பு உண்டு.

ஆங்கிலம் தடையாக இருப்பவர்கள் யூடியூபின் தானியங்கித் தமிழ் வரிகளைப் போட்டுக்கொள்ளலாம். பொதுவான கருத்தைப் பிடிக்க அது உதவும். மருந்தின் அளவு, ‘கூடாது’ என்னும் எச்சரிக்கை, நாள் கணக்கு ஆகிய மூன்றையும் தமிழ் வரியிலிருந்து எடுக்கவே கூடாது. இயந்திரம் எதிர்மறையை விழுங்கிவிடுவது உண்டு. அந்த இடங்களில் ஆங்கிலத்தை நிறுத்திப் படித்து, புரியாததை டாக்டரிடமோ மருந்தாளுநரிடமோ கேளுங்கள்.

நேரம் பற்றி ஒன்று. செவ்வாய் கர்ப்பிணிப் பரிசோதனை, புதன் தடுப்பூசி, மாதக் கடைசி அறிக்கை என்று போகும் வேலையில் இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் கிடைக்காது. 25 நிமிடமாகத் துண்டு போடுங்கள். வீடியோவுக்கு முன் வினாக்களைப் பாருங்கள். தெரியாத வினா எது என்று தெரிந்துகொண்டு பார்த்தால் கவனம் அங்கே நிற்கும். ஒரே சமயத்தில் ஒரு பாடம் போதும்.

முடித்த வாரத்திலேயே செய்ய வேண்டியது

பாடத்தை முடித்த அதே வாரத்தில் ஒரு பக்கத் தாள் எழுதுங்கள். தமிழில், கையால், பெரிய எழுத்தில். மேலே நோயின் பெயர். கீழே நிலையத்தில் பார்க்க வேண்டிய அளவுகள், உடனே அனுப்ப வேண்டிய அறிகுறிகள், எங்கே அனுப்புவது, வீட்டில் சொல்ல வேண்டிய மூன்று வாக்கியங்கள். தளி, வேப்பனப்பள்ளி, சூளகிரி பக்கம் அந்த மூன்று வாக்கியங்களைத் தெலுங்கிலோ கன்னடத்திலோ சொல்லத் தெரிந்த மக்களைத் தேடி மருத்துவத் தன்னார்வலரிடம் கேட்டுத் தமிழ் எழுத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். இந்தத் தாளை எழுத முடியவில்லை என்றால் பாடம் மனதில் தங்கவில்லை என்று அர்த்தம். அந்தப் பகுதியை மட்டும் மறுபடி பாருங்கள்.

பிறகு ஒரு பிரதியை நிலையச் சுவரில் ஒட்டிவிட்டு, தாளை மாதாந்திரக் கூட்டத்துக்குக் கொண்டுபோங்கள். 20 நிமிடம் கேட்டால் வட்டார மருத்துவ அலுவலர்கள் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். அங்கே வீடியோ போட வேண்டாம், செய்து காட்டுங்கள். ரத்த அழுத்தப் பாடம் இதற்கு மிகப் பொருத்தம். கூட்டத்தில் இருக்கும் ஒருவரை நடந்து வரச் சொல்லி, உடனே, பேசிக்கொண்டே, கை தொங்கியபடி, சேலை அல்லது சட்டைக்கு மேலேயே ஒருமுறை அளங்கள். பிறகு அவரையே முதுகு சாய்த்து, கால் தரையில் படிய 5 நிமிடம் அமைதியாக உட்கார வைத்து, கையை இதய உயரத்தில் மேசைமேல் வைத்து, பட்டையை வெறும் கையில் சுற்றி, பேசாமல் மறுபடி அளங்கள். ஒரு நிமிடம் விட்டு இன்னொரு முறை. பேசுவதாலும், கைக்குத் தாங்கல் இல்லாததாலும், சிறுநீரை அடக்கிக்கொண்டு இருப்பதாலும் ஒவ்வொன்றுக்கும் 10 மி.மீ. அளவுக்கு ஏறலாம். 140-க்கு மேல் என்று மாத்திரை தொடங்கப்பட்டவர்களில் சிலருக்கு உண்மையில் 130 சொச்சம்தான் இருந்திருக்கும் என்பதை எல்லோரும் கண்ணால் பார்ப்பார்கள்.

பட்டையின் அளவையும் அங்கேயே பாருங்கள். சாதாரணப் பட்டை, நடுக்கை சுற்றளவு 22 முதல் 32 செ.மீ. வரை உள்ளவர்களுக்கு. அதைவிடப் பருத்த கைக்குப் போட்டால் அழுத்தம் கூடுதலாகக் காட்டும். பல நிலையங்களில் பெரிய பட்டையே இருக்காது. கூட்டத்திலேயே இண்டென்ட் (தேவைப் பட்டியல்) எழுதிக்கொடுத்தால் பாடத்துக்கு உடனடிப் பலன் கிடைத்த மாதிரி. டீ, காபி, புகையிலை எதுவும் அளப்பதற்கு முன் அரை மணி நேரத்துக்குக் கூடாது என்று தன்னார்வலர்களுக்கும் சொல்லுங்கள். வீட்டு வாசலில் டீ கொடுத்துவிட்டுக் கையை நீட்டுவதுதான் நம் ஊர் வழக்கம்.

மருத்துவ அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். சான்றிதழ் எத்தனை வந்தது என்று கேட்பதை நிறுத்திவிட்டு, “இந்த மாதம் எந்தத் தாளை ஒட்டினீர்கள், அதன்படி யாரை அனுப்பினீர்கள்?” என்று கேளுங்கள். ஒரே பாடத்தை எல்லோர் தலையிலும் கட்டாமல், ஒரு வட்டாரத்தில் ஒருவர் பாம்புக்கடி, ஒருவர் காசநோய், ஒருவர் மனநலம் என்று பிரித்துக் கொடுங்கள். சந்தேகம் வந்தால் யாரைக் கூப்பிடுவது என்பது அதனால் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

பதிவுப் புதுப்பித்தலுக்கான மணி நேரக் கணக்கில் இலவசப் பாடங்கள் தானாகச் சேராது. உங்கள் கவுன்சில் ஏற்றுக்கொண்ட நிகழ்ச்சிகள்தான் சேரும், எனவே அந்த எண்ணத்தோடு படிப்பவர்கள் முதலில் கவுன்சிலில் விசாரியுங்கள். “இலவசம்” என்று சொல்லிவிட்டுக் கடைசிப் பக்கத்தில் சான்றிதழுக்கு 499 ரூபாய் கேட்கும் தளங்களும், ஆதார் எண்ணையும் ஓ.டி.பி.யையும் போனில் கேட்பவர்களும் உண்டு. நல்ல தளம் எதுவும் ஓ.டி.பி.யைப் போனில் கேட்காது. பாடங்களின் கலந்துரையாடல் பகுதியில் நம் ஊர் நோயாளிகளின் பெயர், ஊர், புகைப்படம், பரிசோதனைச் சீட்டு எதையும் போடாதீர்கள். எச்.ஐ.வி. விஷயத்தில் 2017-ம் ஆண்டுச் சட்டமே அதைத் தடை செய்கிறது.

ஒவ்வொரு தாளின் மூலையிலும் எழுதிய தேதியையும் எந்த வழிகாட்டியிலிருந்து எடுத்தது என்பதையும் குறியுங்கள். காசநோயாளிகளுக்கு மாதம் 500 ரூபாயாக இருந்த ஊட்டச்சத்து உதவி 2024 நவம்பர் முதல் 1,000 ஆனது. அதற்கு முந்தைய தாள்கள் சுவரில் இருந்தால் இன்னும் 500 என்றே காட்டிக்கொண்டிருக்கும். புதிய சுற்றறிக்கை வந்த அன்றே பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதியதை எழுதுங்கள். சான்றிதழ்களையும் பி.டி.எஃப். ஆக மின்னஞ்சலில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று என்று இரண்டு இடத்தில் வையுங்கள். தளங்கள் இடம் மாறும்போது பழைய கணக்குகள் கூடவே வரும் என்று நம்ப முடியாது.